சுறா, அரசிதழ், இரண்டுக்கும் நடுவே ஒரு வேலை

கேள்வி இது: குமரி மாவட்டத்தில் வள்ளவிளைப் பக்கம் ஊர். அப்பா கொச்சி தோப்பும்படி ஹார்பரிலிருந்து தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போகிறவர். நீங்கள் காரியவட்டத்தில் நீர்வாழ் உயிரியல் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். ஆராய்ச்சி பிடிக்கிறது, ஆனால் எழுதியது ஆய்வேட்டோடு முடிந்துபோவது பிடிக்கவில்லை. கடல் பற்றிய சட்டதிட்டம் உருவாகிற இடத்தில் இருக்க ஆசை. அதற்கு பிஎச்.டி.யா, சட்டப் படிப்பா, ஐ.ஏ.எஸ்.ஸா?

தங்கச்சி, மூன்றில் எதையும் இப்போது முடிவு செய்யவேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். நான் மீன் இறங்குதளங்களில் கணக்கெடுக்கும் வேலையில் தொடங்கி, பிறகு துறைகளுக்குக் கொள்கைக் குறிப்பு எழுதும் பக்கம் வந்தவன். "கடல் அறிவியலும் கொள்கையும் தெரிந்தவர் தேவை" என்று நேராகக் கேட்கும் விளம்பரம் நம் நாட்டில் அபூர்வம். அமெரிக்காவில் க்னாஸ் ஃபெலோஷிப் என்று ஒன்று 1979 முதல் நடக்கிறது. அங்கே மேல்படிப்பு படிக்கும் மாணவர்களை ஒரு வருஷம் நாடாளுமன்ற அலுவலகங்களிலும் அரசுத் துறைகளிலும் உட்காரவைத்து இந்த வேலையைப் பழக்குகிறார்கள். இங்கே வேலை இருக்கிறது, வழிதான் போட்டுவைக்கப்படவில்லை. அதனால் பதவியின் பெயரைத் தேடுவதைவிட, கரைக்கும் அரசாங்கத்துக்கும் இடையே இழுபறியாகக் கிடக்கும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அதில் ஆள் ஆவது நல்லது. உங்களுக்கு அதைத் தேடி எங்கும் போகவேண்டாம். தூத்தூர், வள்ளவிளை, நீரோடிக்காரர்கள் தலைமுறையாகத் தூண்டில் போட்டுப் பிடித்த சுறாவே போதும்.

அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வேலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அதில் தெரியும்.

2001 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுறா, திருக்கை இனங்கள் மொத்தத்தையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. கரையில் எதிர்ப்பு கிளம்பியது. எந்த இனம் எவ்வளவு குறைந்துவிட்டது என்று இனம் பிரித்துக் காட்டக் கையில் போதுமான கணக்கும் இல்லை. அதே வருஷம் டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. ஐந்து மாதத்தில் ஒரு சட்டம் இவ்வளவு தூரம் பின்வாங்கியதற்குக் காரணம் கடல் மேல் அக்கறை இல்லாமை அல்ல, வெறும் அக்கறையை மட்டும் வைத்து எழுதியதுதான் என்பது என் கணிப்பு.

அதற்கப்புறம் 2013-ல் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியக்கூடாது, துடுப்போடுதான் கரைக்கு வரவேண்டும் என்று வந்தது. 2015 பிப்ரவரியில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் எல்லா இனச் சுறாத் துடுப்புக்கும் ஏற்றுமதித் தடை போட்டது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை சைட்டிஸ். 2016-ல் ஜோஹானஸ்பர்க்கில் கூடிய அதன் மாநாடு நீளவால் சுறாக்களையும் பட்டுச் சுறாவையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2022-ல் பனாமாவில் கூடியபோது பட்டுச் சுறாவின் குடும்பம் முழுவதும் அதில் போனது. இதற்கு நடுவே, இந்தியாவும் உறுப்பினராக இருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், நீளவால் சுறா தூண்டிலில் விழுந்தாலும் போட்டில் வைத்திருக்கக்கூடாது என்று தனியாகத் தீர்மானம் வைத்திருக்கிறது.

ஒரே மீனுக்கு எத்தனை எஜமானர்கள் பாருங்கள். போட்டுக்கு உரிமம் தருவது மீன்வளத் துறை. வன உயிரினச் சட்டத்தை நடத்துவது வனத்துறை. ஏற்றுமதி வணிக அமைச்சகத்தின் கையில். சர்வதேசப் பட்டியல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் உடன்படிக்கையில். சூரை ஆணையம் இருப்பது சீஷெல்ஸில். இவர்களில் யாரும் மற்றவரைக் கேட்டுக்கொண்டு அறிவிப்பு எழுதுவதில்லை. உங்கள் அப்பாவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம், எந்தச் சுறாவைக் கண்டால் தரகர் விலையைக் குறைக்கிறார் என்பது கட்டாயம் தெரியும். இந்தக் கடைசித் தகவல் மேலே சொன்ன எந்த அலுவலகத்தின் கோப்பிலும் இருக்காது.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். சைட்டிஸ் இரண்டாம் பட்டியல் என்பது தடை இல்லை. பத்திரிகையில் "சுறாவுக்குத் தடை" என்று போட்டுவிடுவார்கள், ஊர்ச் சங்கத்திலும் அப்படியே பேசுவார்கள். உண்மையில் அது சொல்வது, இந்த ஏற்றுமதியால் இனத்துக்குக் கேடு வராது என்று நாட்டின் அறிவியல் அதிகார அமைப்பு சான்று தந்தால்தான் அனுப்பலாம் என்பது. கொச்சியில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், அதாவது சி.எம்.எஃப்.ஆர்.ஐ., அந்த அமைப்புகளில் ஒன்று. சான்று தருவதென்றால் கையில் என்ன இருக்கவேண்டும்? ஒரு வருஷத்தில் எத்தனை பட்டுச் சுறா இறங்குகிறது, என்ன நீளம், அதில் பருவம் வந்தவை எத்தனை, எந்த மாதத்தில் குட்டியோடு வருகின்றன.

அந்தக் கணக்கு எடுக்கப்படும் இடத்தை நீங்கள் ஒருமுறையாவது முழுசாகப் பார்க்கவேண்டும். விடியும் முன்பே சுறாக்களை வரிசையாகச் சிமென்ட் தரையில் போட்டிருப்பார்கள். ஏலம் தொடங்குவதற்குள் நாடாவைப் போட்டு மூக்கிலிருந்து வால் நுனி வரை அளக்கவேண்டும். முதுகுத் துடுப்பு எங்கே எழும்புகிறது என்று பார்க்கவேண்டும். நெஞ்சுத் துடுப்பின் பின்முனையைத் தாண்டி எழும்பி, இரண்டு முதுகுத் துடுப்புக்கும் நடுவே மெல்லிய வரம்பு ஓடினால் பட்டுச் சுறாவாக இருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றுத் துடுப்பை ஒட்டி நீண்டிருக்கும் உறுப்பு கெட்டியாகியிருந்தால் பருவம் வந்த ஆண். தண்ணீர் வாளியோடு ஓடுகிறவர் "மாறு, மாறு" என்று கத்துவார். தரகர் முறைப்பார். தலையும் துடுப்பும் போன பிறகு இனம் சொல்வது நிபுணருக்கே சிரமம், அதனால் அந்த நேரத்தை விட்டால் போச்சு. சர்வதேச மாநாட்டு மேஜைக்குப் போகும் எண்ணின் அடிவேர் இந்த ஈரத் தரையில் இருக்கிறது. இதைக் கையால் செய்தவர் கொள்கைக் கூட்டத்தில் பேசுவதற்கும், அறிக்கையில் படித்தவர் பேசுவதற்கும் வித்தியாசம் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே முதல் சில வருஷம் அறிவியலில் கெட்டியாக நிற்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். "கொள்கை" என்ற சொல்லால் ஈர்க்கப்பட்டு எம்.எஸ்ஸி. முடிந்ததும் பெரிய தலைப்புகளில் கருத்தரங்கம் கருத்தரங்கமாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீலப் பொருளாதாரம் பற்றி அழகாகப் பேசுவார்கள். ஒரு கடற்கரையில் ஒரு மீனின் நிலைமை என்ன என்று கேட்டால் பதில் வராது.

அடுத்து, எந்தக் கடல் யாருடையது என்பதைப் பாடமாகவே படிக்கவேண்டும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியல் 21-வது பதிவு மீன்வளம். ஒன்றியப் பட்டியல் 57-வது பதிவு, பிராந்தியக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு. அதாவது கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலம், அதற்கப்புறம் 200 கடல் மைல் வரை ஒன்றிய அரசு. கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்த தமிழ்நாட்டுக்கு 1983-ம் வருஷச் சட்டம், கேரளத்துக்கு 1980-ம் வருஷச் சட்டம். நம் மாவட்டத்தைப் போல இது குழம்பிக் கிடக்கும் இடம் குறைவு. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர், இரண்டு காலண்டர். நீரோடியைத் தாண்டிப் பொழியூருக்குள் காலை வைத்தால் மூன்றாவது ஒன்று: கேரளத்தின் இழுவைமடித் தடை ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். ஜூன் முதல் வாரத்தில் நம் ஆட்கள் கரையில் நின்று பக்கத்து மாநில இழுவைப்படகு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மீனுக்கு எல்லைக் கல் தெரியாது என்று எல்லாரும் மேடையில் சொல்வார்கள். அந்த ஒன்பது நாள் வித்தியாசத்தால் எந்த மீனின் முட்டையிடும் காலத்துக்கு என்ன ஆகிறது என்று ஒருவர் கணக்குப் போட்டு இரண்டு அரசாங்கத்துக்கும் ஒரே குறிப்பாகக் கொடுத்தால், அது நீங்கள் கேட்ட வேலை.

இன்னொரு உதாரணம் சாளை. கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய நாலு லட்சம் டன் சாளை இறங்கியது. 2021-ல் 3,297 டன். நடுவில் குஞ்சு மீனை அள்ளியதும் உண்டு, 2015-16 எல் நினோவும் உண்டு. கேரள அரசு சி.எம்.எஃப்.ஆர்.ஐ. பரிந்துரையை எடுத்து 2015-ல் 14 இனங்களுக்கும், பிறகு 2017-ல் மொத்தம் 58 இனங்களுக்கும் குறைந்தபட்சப் பிடி அளவு வைத்தது. சாளைக்குப் பத்து சென்டிமீட்டர். ஆராய்ச்சி நிலையத்தின் அட்டவணை ஒன்று அரசிதழில் ஏறி, அமலாக்கப் பிரிவு ஹார்பரில் அளவுகோலோடு நிற்கும் அளவுக்குப் போனதற்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. சாளை 2023-ல் மறுபடி லட்சம் டன்னைத் தாண்டியது. சரி, சட்டத்தால் வந்ததா, கடல் தானாகக் கொடுத்ததா? அமைச்சர் "சட்டத்தால்" என்று சொல்ல விரும்புவார். சங்கத் தலைவர் "கடலம்மை தந்தது, உங்கள் அளவுகோல் இல்லை" என்பார். சாளை சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகும் மீன், மழைக்காலத்து மேலெழும் நீருக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஏறி இறங்குவது. ஒரு நல்ல வருஷத்தை வைத்து யாருக்கும் வெற்றி கொடுக்க முடியாது. இதை மழுப்பாமல், ஆனால் "ஒன்றும் தெரியாது" என்று கையையும் விரிக்காமல், என்ன தெரியும், எவ்வளவு உறுதியாகத் தெரியும், அதுவரை என்ன செய்தால் நஷ்டம் குறைவு என்று மூன்று வரியில் எழுதத் தெரியவேண்டும். விஞ்ஞானிகளில் பலருக்கு இது வராது. எச்சரிக்கை வாசகங்களால் முப்பது பக்கம் நிரப்பிவிடுவார்கள். செயலாளர் முதல் பக்கத்துக்கு மேல் புரட்டுவதில்லை.

இப்போது படிப்பு. ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி ஆகவேண்டும் என்றால் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் ஏ.ஆர்.எஸ். தேர்வு எழுதவேண்டும். சைட்டிஸ் சான்று, மீன் இருப்பு மதிப்பீடு இரண்டும் அந்த வழியில் வருகிறவர்களிடம்தான் போகும். பிஎச்.டி. அங்கே தேவைப்படும். ஆனால் தலைப்பை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். புதிய இனம் கண்டுபிடிப்பது பெருமையான வேலைதான், உங்கள் நோக்கத்துக்கு உதவாது. மீன் இருப்பு மதிப்பீடு, கணக்கில்லாத இடத்தில் கணக்கை ஊகிக்கும் புள்ளியியல், ஆர் நிரல் மொழி, இவை கையில் இருந்தால் எந்த மேஜையிலும் நாற்காலி கிடைக்கும். சட்டத்துக்கு மூன்று வருஷ எல்.எல்.பி. இப்போது வேண்டாம். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி தொலைநிலையில் சுற்றுச்சூழல் சட்டப் பட்டயம் நடத்துகிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். ஒரு சட்டப்பிரிவைப் படித்து, இதில் "செய்யலாம்" எது, "செய்யவேண்டும்" எது, யாருக்கு அதிகாரம் என்று பிரிக்கத் தெரிந்தால் தொடக்கத்துக்கு அது போதும்.

ஐ.ஏ.எஸ். பற்றி நேராகச் சொல்கிறேன். அது ஆட்சிப் பணி. கடல் உங்கள் கைக்கு வருவதற்குள் ரேஷன், தேர்தல், நில எடுப்பு எல்லாம் வரும், மீன்வளத் துறைக்கு வந்தாலும் எப்போது மாற்றுவார்கள் என்று தெரியாது. அதைவிட மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் பதவிக்குத் தேர்வாணையம் நடத்தும் தேர்வு உங்களுக்குப் பொருந்தும். பளபளப்பு குறைவு, அதனால் யாரும் சொல்வதில்லை. ஆனால் டீசல் மானியத்திலிருந்து தடைக்கால நிவாரணம் வரை கோப்பு தொடங்குவது அங்கேதான்.

அரசாங்கத்துக்கு வெளியே என்றால், மீன்பிடித் தொழிலாளர்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.சி.எஸ்.எஃப். 1986-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தது, இப்போது சென்னையிலிருந்து இயங்குகிறது. சிறு மீனவர்களுக்கான ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் (எஃப்.ஏ.ஓ.) வழிகாட்டுதல்கள் 2014-ல் வந்ததில் இப்படிப்பட்ட அமைப்புகளின் நீண்டகால உழைப்பு உண்டு. அரசுகளுக்கிடையிலான வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பும் சென்னையில்தான். திருவனந்தபுரத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. கடற்கரை மேலாண்மை வரைபடம் போடும் தேசிய நிலையான கடற்கரை மேலாண்மை மையம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில். வயது 25-க்குள் என்றால் நாடாளுமன்ற உறுப்பினரோடு ஒரு வருஷம் வேலை செய்யும் லாம்ப் ஃபெலோஷிப்பும், அப்புறம் தமிழ்நாடு முதலமைச்சரின் ஃபெலோஷிப்பும் பார்க்கலாம். இரண்டும் கடலுக்கானவை அல்ல, ஆனால் கோப்பு எப்படி நகர்கிறது என்பதை அங்கே கற்பதுபோல வேறெங்கும் கற்க முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் கன்சல்டன்ஸிகள் முதலில் நல்ல சம்பளம் தருவார்கள். துறைமுகம் கட்டுகிறவர் பணத்தில் அந்தத் துறைமுகத்தின் கேட்டை அளக்கும் வேலை அது. ஒன்றிரண்டு வருஷம் கற்றுக்கொள்ளப் போகலாம், வேரூன்ற வேண்டாம்.

மொழி விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் வசதியை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. வீட்டில் தமிழ், கொச்சியிலும் கல்லூரியிலும் மலையாளம், பாடம் ஆங்கிலம். வரைவு அறிவிப்பு அரசிதழில் வந்தால் சுற்றுச்சூழல் விதிகளின்படி கருத்துச் சொல்ல 60 நாள். அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். யாரோ வாட்ஸாப்பில் பாதி தப்பாக அனுப்பி, பங்குச்சாமி திருப்பலி முடிந்து அறிவித்து, கமிட்டி கூடுவதற்குள் பாதி நாள் போய்விடும். பிறகு போகும் மனுவில் "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும்" என்று மட்டும் இருக்கும். அது உண்மைதான், ஆனால் எந்தப் பத்தியை எப்படி மாற்றவேண்டும் என்று அதில் இல்லாததால் கோப்பில் "பெறப்பட்டது" என்று முத்திரை விழுவதோடு சரி.

2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகக் கடற்கரையில் கட்டுமானமற்ற பகுதி 50 மீட்டர், அதற்குக் குறைவானால் 200 மீட்டர். அலை ஏறி வருவதற்கும் 2,161-க்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கடல் மாணவிக்குக் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் ஊர் எந்தப் பக்கம் விழுகிறது, வரைபடத்தில் வலை காயப்போடும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துச் சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும்.

ஒக்கி புயல் சமயத்தில் நடந்ததும், செய்தி சேரவேண்டியவர்களை நேரத்துக்குச் சேராத இந்த வகைதான். 2017 நவம்பர் கடைசியில் புயல் திரண்டபோது நம் போட்டுகள் ஏற்கெனவே செல்பேசிக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை கரையோடு நின்றுவிட்டது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கே செய்தி தரும் ஜெமினி கருவியை ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் 2019-ல்தான் கொண்டுவந்தது.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் சுறாவைப் பற்றி வேலை செய்தால் ஊரில் "நம்ம பிள்ளையே நம்மைக் காட்டிக்கொடுக்குது" என்பார்கள். தில்லிக் கூட்டத்தில் "மீனவர் வீட்டுப் பெண், சாய்வு இருக்கும்" என்று நினைப்பார்கள், வாய்விட்டும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் அப்பா என்ன தொழில் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் கணக்கை அப்பாவின் போட்டிலோ சொந்தக்காரர் போட்டுகளிலோ மட்டும் எடுக்காதீர்கள். நம்பிச் சொல்லும் மீன்பிடி இடங்களின் ஜி.பி.எஸ். புள்ளிகளைக் கட்டுரையில் அப்படியே போடாதீர்கள். பெரிய கட்டமாகத் திரட்டிக் காட்டலாம், அறிவியலுக்குக் குறை வராது. கூட்டத்துக்குக் கொடுத்த குறிப்பின் தமிழ்ப் பிரதி சங்கத்துக்கும் போகட்டும். இரண்டு இடத்திலும் ஒரே எண், ஒரே வாசகம். இது பழக்கமானால் திட்டுவார்கள், ஆனால் சந்தேகப்பட மாட்டார்கள்.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் இன்னும் முடிவாகவில்லை என்றால் இப்படிச் செய்யலாம். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் தங்கல் போட்டுகள் பெரும்பாலும் கரையில் இருக்கும், போட்டை ஓட்டும் சிராங்குகள் வீட்டில் இருப்பார்கள். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் மூன்று ஊரிலும் வயதானவர்களிலிருந்து இளைஞர்கள் வரை உட்கார்ந்து கேளுங்கள்: எந்தச் சுறா எந்த மாதம், எந்த ஆழம், எப்போதிருந்து குறைந்தது, இன்ன இனத்துக்கு விலை இறங்கிய பிறகு தூண்டிலை எந்த மீனுக்கு மாற்றினார்கள். தடை முடிந்ததும் தோப்பும்படியில் இறங்கும் சுறாவை அளந்து அதோடு ஒப்பிடுங்கள். விழிஞ்ஞத்தில் சி.எம்.எஃப்.ஆர்.ஐ.க்கு மண்டல மையம் இருக்கிறது, சுறா பார்க்கும் விஞ்ஞானியிடம் இணை வழிகாட்டியாக இருக்க முடியுமா என்று கேட்டு உங்கள் பேராசிரியர் வழியாகக் கடிதம் போடுங்கள். ஆய்வேடு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதோடு ஆங்கிலத்தில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பக்கக் குறிப்பு மூன்று எழுதிவிடுங்கள். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலுக்கு மேலே அவற்றை வையுங்கள். நான் ஆள் எடுத்த சமயங்களில் முதலில் தேடியது அதைத்தான்.